பெயர் யாருடையது?

பள்ளியில் ஒவ்வொரு நாளும் முதற்கண் நிகழும் செயல் பெயர் அழைத்தல். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார்; "உள்ளேன் ஐயா" என்ற மறுமொழி வரிசையாக எழும். ஆண்டுகள் பலவாக இவ்வொலியைக் கேட்டுப் பழகியவன் நான். தவறுதலாக ஒரு பெயர் விடுபட்டுப் போனால் அக்குழந்தையின் முகம் எப்படி வாடும் என்பதையும் கண்டிருக்கிறேன். வந்து அமர்ந்திருந்தும் வராதவனைப் போல் ஆகிவிட்ட துயரம் அது. மனிதனுக்குப் பிறர் முதன்முதலாக அளிக்கும் உடைமை பெயர். அவன் இறுதிவரை கைவிடாது பற்றியிருக்கும் உடைமையும் அதுவே.

என் பெற்றோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆயினும் அவர்கள் பெயரும் நாள்தோறும் அழைக்கப்பட்டது. பொழுது புலருமுன் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், கையில் விளக்குடன் கிராணி நின்று பெயர் சொல்லுவார். குரல் கொடுத்தவருக்கு அன்றைய கூலி உண்டு, கொடாதவருக்கு இல்லை. நம் முன்னோர் பலருக்கு வரலாறு என்று இருந்த ஏடு அந்தச் செக்ரோல் ஒன்றுதான். தோட்டங்கள் விற்கப்பட்டபோது அவ்வேடுகளும் மறைந்தன. இனி அவர்களுடைய பெயரும் வாழ்வும் எங்கே தங்கும்? முதியவர்களின் நினைவில் தங்கும். அந்நினைவைக் கேட்டு எழுதுபவர்களின் ஏட்டில் தங்கும். எழுதுபவர் பெரும்பாலும் வெளியூரார், வெளிநாட்டார், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவர். அவர் கேட்டு எழுதும் வாழ்க்கையில் பெயர் யாருடையது? அதை வெளியிடவோ மறைக்கவோ உரிமை பெற்றவர் யார்? இக்கேள்வி எனக்கு நூல்வழி வந்ததன்று. என் பிழைவழி வந்தது.

2009-ஆம் ஆண்டு. ஈப்போவில் நான் உதவித் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓர் இளம் பெண் ஆய்வுக்கு வந்திருந்தார். ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து வெளியேறிய முதியோரை நேர்கண்டு அவர்தம் நினைவுகளைத் தொகுப்பது அவர் நோக்கம். வகுப்பறையில் தமிழ் கற்றவர்; ஆனால் லயத்துத் தமிழ் அவர் செவிக்கு எட்டவில்லை. எனவே சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் நான் மொழிபெயர்ப்பாளனாக உடன் சென்றேன்.

நாங்கள் சென்றது சுங்கை சிப்புட் வட்டாரம். 1948 ஜூன் 16-இல் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதே, அந்த வட்டாரம். அம்மூவரின் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. அவர்களிடம் பால் வெட்டியவர்களின் பெயர்களை அந்நூல்களில் தேடிப் பயனில்லை. இன்று அங்கே ரப்பர் மரங்கள் குறைந்து, செம்பனையும் வீடமைப்பும் பெருகிவிட்டன. லயங்களை விட்டு வந்தவர்கள் மலிவு விலை வீடுகளில் வாழ்கின்றனர்.

அத்தகைய வீடொன்றில் ஒரு மூதாட்டியைக் கண்டோம். எழுபத்தெட்டு வயதிருக்கும். காண்டாக் கம்பு சுமந்த தோளில் தழும்பு காய்த்திருந்தது. ஆய்வாளர் முறைப்படி ஒப்புதல் படிவத்தை எடுத்தார். "உங்கள் பெயர் எங்கும் வெளிவராது, விரும்பாத கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று அதில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். மூதாட்டி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "வாத்தியாரே, இதுல கைநாட்டு வச்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லமாட்டாங்களே?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை எண்ணி இன்று நாணுகிறேன். தோட்டம் கைமாறியபோது ஒரு தாளில் அவர் கைநாட்டு வைத்தார். அதன்பின் சில நூறு வெள்ளியைப் பெற்றுக்கொண்டு, பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு வெளியேறினார். அவர் அறிந்த தாள் அது. அவரைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட தாளும் அவர் கண்ணுக்கு அவரை வெளியேற்றிய தாளைப் போலவே தெரிந்தது.

இப்படிவம் பிறந்த வரலாறு மதிக்கத்தக்கது. நாசி மருத்துவர்கள் சிறைமக்கள் மீது நிகழ்த்திய கொடுமைகளை விசாரித்தபின், 1947-இல் நியூரம்பர்க் நெறிமுறை உருவாயிற்று. மனிதனை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் அவன் விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று அது விதித்தது. அமெரிக்காவில் 1979-இல் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கை அந்நெறியை மேலும் விரித்தது. ஆய்வுக்கு உட்படுபவன் பொருளல்லன், மனிதன் என்பதே இவற்றின் சாரம். ஒப்புதல் பெறுக, தீங்கு செய்யாதே, பெயரை மறை என்று பல்கலைக்கழகங்கள் இன்று மாணவர்க்குக் கற்பிப்பது இவ்வழி வந்ததே. ஆதலால் பெயர் மறைத்தலைப் பழிப்பது என் எண்ணமன்று.

மூன்று நாள் உரையாடல் நிகழ்ந்தது. முதல் நாள் தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஜப்பானியர் காலத்தில், இவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கையில், அண்ணனைச் சயாமுக்கு ரயில்பாதை போட அழைத்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், எந்நாளில் இறந்தார், எவர் புதைத்தார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. இதைச் சொல்லி முடித்ததும், "எங்கண்ணன் பேர எழுதிக்கச் சொல்லுங்க வாத்தியாரே. அது எங்கயும் எழுதலே" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள், பேச்சின் ஓட்டத்தில், தம் குடும்பத்துள் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னார். அது என்ன என்பதை வாசகர் அறிய வேண்டியதில்லை. மூன்றாம் நாள் நாங்கள் விடைபெறும்போது வாசற்படி வரை வந்து, என் காதருகே மெல்லச் சொன்னார்: "நேத்துச் சொன்னது எங்க வூட்டு விசயம். அது வேணாம்." நான் தலையசைத்தேன். காரில் ஏறினோம். மழை வந்தது. பசியைப் பற்றியும் வழியைப் பற்றியும் பேசினோம். அவர் சொன்னதை நான் ஆய்வாளரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பெயர்தான் வரப்போவதில்லையே, பிறகென்ன தீங்கு என்று என் மனம் தனக்குத்தானே அமைதி கூறிக்கொண்டது. பிழை அங்கேதான் பிறந்தது.

2013-இல் அஞ்சலில் ஆய்வேடு வந்தது. உழைப்பும் பரிவும் நிறைந்த ஏடு. அதில் அம்மூதாட்டி "பங்கேற்பாளர் 14" என்று குறிக்கப்பட்டிருந்தார். சயாமில் மாண்ட அண்ணன் "உறவினர் ஒருவர்" ஆகியிருந்தார். வேண்டாம் என்று சொன்ன செய்தியோ இரண்டு பக்கங்களில் முழுமையாக இருந்தது. எழுதச் சொன்னது மறைந்தது. மறைக்கச் சொன்னது எழுதப்பட்டது.

ஏட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கனமான அட்டையைத் தடவிப் பார்த்தார். "எம்பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். எண்ணைக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "பதினாலா? பெரட்டுலகூடப் பேரச் சொல்லித்தானே கூப்டாங்க" என்றார். பின்பு, "அண்ணன் பேரு?" என்றார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. மற்றச் செய்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேளாததை நானாகச் சொல்லும் துணிவும் எனக்கு அன்று இல்லை. 2016-இல் அவர் மறைந்தார். அந்த ஒன்றைச் சொல்லாமலேயே அவர் இறுதிச் சடங்கில் நின்றேன்.

ஆய்வாளர் மீது குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் தம் துறை விதித்த நெறியினின்று ஓர் அடியும் பிறழவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்டவன் நானே. ஆயினும் என் பிழை அந்நெறியிலுள்ள ஒரு குறையையும் எனக்குக் காட்டியது. பெயரை மட்டும் நீக்கிவிட்டால் எதையும் எழுதலாம் என்று அந்நெறி நம்மை எண்ணவைக்கிறது. மறைக்க வேண்டியது பெயரா, செய்தியா என்று அது உரியவரைக் கேட்பதில்லை.

இது நம் நாட்டுக்கும் நம் இனத்துக்கும் புதிதன்று. இந்தியாவைச் சேர்ந்த இரவீந்திர ஜெயின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 1962-63-இல் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆய்ந்தார். அந்நூல் 1970-இல் வெளிவந்தது. தோட்டத் தமிழரின் வாழ்வை உள்ளிருந்து காட்டிய அரிய நூல் அது. ஆனால் அத்தோட்டத்துக்கு அவர் இட்ட "பால் மெலாயு" என்பது புனைபெயர். ஆங்கிலேயப் பெண்மணி கேத்லின் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சையில் ஆய்ந்த சிற்றூருக்குக் "கும்பப்பேட்டை" என்று பெயரிட்டார், அதுவும் புனைபெயரே. அம்மண்ணில் பிறந்த ஒரு பேரன் தன் பாட்டனாரைத் தேடிப் படத்தை விரித்தால் அவ்விரண்டு ஊரும் அதில் இரா. அறிஞருலகம் அறிந்த ஊரை அவ்வூரார் வழித்தோன்றல் அறிய இயலாது.

அப்படியாயின் பெயர்களை எல்லாம் வெளியிட்டு விடலாமா? அவசரப்படுதல் கூடாது. அமெரிக்கரான நான்சி ஷெப்பர்-ஹியூஸ் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக 1974-75-இல் அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றில் குடும்பத்துடன் தங்கினார். மனநோயைப் பற்றிய அவர் நூல் 1979-இல் "பாலிபிரான்" என்னும் புனைபெயரோடு வெளிவந்து பரிசும் பெற்றது. ஆனால் அவ்வூர் இன்னது என்பதை வெளியார் விரைவில் கண்டுகொண்டனர். ஊரார் ஒருவரையொருவர் பக்கந்தோறும் அடையாளங் கண்டு மனம் நொந்தனர். 1999-இல் அவர் மீண்டும் அங்கே சென்றபோது ஊரை விட்டுப் போகுமாறு செய்யப்பட்டார். புனைபெயர் தரும் காப்பு மெல்லியது என்பதோடு, அது எழுதுபவரின் நாகரிகத்தையே தளர்த்திவிடக்கூடும் என்பதையும் அவர் பின்னர்த் தாமே ஆராய்ந்து எழுதினார். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைப் புனைபெயரின் பின்னால் துணிந்து எழுதிவிடுகிறோம் அன்றோ?

மறைத்து வைப்போம் என்ற வாக்குறுதியும் என்றும் காக்கப்படுவதில்லை. வட அயர்லாந்துப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களைப் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் நேர்கண்டு பதிவு செய்தது. உயிரோடிருக்கும்வரை வெளியாகாது என்ற உறுதியின்பேரில் அவர்கள் பேசினர். 2011-இல் நீதிமன்ற ஆணை வந்தது. 2013-இல் பதிவுகளில் சில காவல்துறையிடம் சென்றன. இவற்றைப் பார்க்கும்போது, பெயரைச் சொல்வதிலும் தீங்குண்டு, மறைப்பதிலும் தீங்குண்டு என்பது தெளிவாகிறது.

மறைவினால் வரும் தீங்கின் பேருருவைக் காண வேண்டுவோர் சயாமைப் பார்க்கலாம். 1942-43-இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கு. அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். காஞ்சனாபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள் துயில்கின்றனர். பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புல்வெளி நன்கு பேணப்படுகிறது. நம்மவருக்கு அத்தகைய கல்வரிசை இல்லை. காட்டிலும் பொதுக்குழியிலும் பெயரின்றிக் கிடக்கின்றனர். வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் புகழும் பொறித்த இனம் நம்முடையது! நம் நாவலாசிரியர்கள் அத்துயரைக் கதையாக்கிக் காத்தனர். ஆனால் கதைமாந்தரின் பெயர் கற்பனைப் பெயர். "அது எங்கயும் எழுதலே" என்று அம்மூதாட்டி சொன்னது தம் அண்ணன் ஒருவருக்கு மட்டும் உரிய சொல்லன்று.

இச்சிக்கலுக்கு வழி எங்கே? நெடுநாள் எண்ணியபின் நம் பழந்தமிழ் மரபே எனக்குக் கைகொடுத்தது. வாழ்வை அகம், புறம் என இரண்டாக வகுத்தனர் நம் முன்னோர். புறத்திணையில் பெயர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இன்ன வேந்தன், இன்ன வள்ளல், இன்ன போரில் வீழ்ந்தவன் என்று பெயர் விளங்க நிற்பதே புறத்தின் சிறப்பு. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவன், தலைவி, தோழி என்றே அங்கு மாந்தர் உலவுவர். உள்ளத்தின் தனிமைக்குள் ஊரார் நுழையலாகாது என்ற பெருந்தன்மை அவ்விதியில் இருக்கிறது.

அதன் நுட்பத்தை நெடுநல்வாடையில் காணலாம். பிரிவால் வருந்தும் அரசியைப் பாடும் அப்பாட்டில் அரசன் பெயர் இல்லை. ஆயினும் வேலில் வேம்பு கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூ. ஆகவே இது இன்னாரைச் சுட்டிவிட்டது, அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு வேப்பந்தழை போதும், மறைந்தவர் வெளிப்பட! அயர்லாந்துச் சிற்றூரில் நிகழ்ந்தது இதுவே. பெயரை நீக்கிவிட்டு, வீட்டையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதினால் மறைத்தோம் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் எண் இட்டு ஒதுக்கவில்லை. செம்புலப்பெயனீரார் என்றும், தொடித்தலை விழுத்தண்டினார் என்றும், அவரவர் பாடிய சொல்லையே எடுத்து அவரவர்க்குப் பெயராகச் சூட்டினர். பெயர் அறியாத இடத்தும் பெருமை குன்றாது அழைக்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே என் முடிவு இது. சொல்லப்பட்ட ஒரு வாழ்க்கையில் அகமும் உண்டு, புறமும் உண்டு. சயாமில் மாண்ட அண்ணன் புறம். அவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாசற்படியில் மெல்லிய குரலில் தடுக்கப்பட்டது அகம். பெயரோடும் பெயரின்றியும் அது எழுதப்படாதிருந்திருக்க வேண்டும். எது அகம், எது புறம் என்று வகுக்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. பல்கலைக்கழகக் குழுவுக்கு இல்லை. இடைநின்ற மொழிபெயர்ப்பாளனுக்கு அறவே இல்லை. அது வாழ்ந்தவருக்கே உரியது. அவ்வுரிமையைப் பேச்சின் தொடக்கத்தில் ஒரு கைநாட்டாகப் பெற்றுக்கொண்டால் போதாது. என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவரே அப்போது அறியார். பேசி முடித்தபின் கேட்க வேண்டும். எழுதி முடித்தபின் அவர் மொழியில் படித்துக் காட்டி மீண்டும் கேட்க வேண்டும்.

"இது நடக்கக்கூடியதா? முனைவர் பட்டத்துக்குக் காலவரையறை உண்டு. பயணச் செலவு உண்டு. கடல் கடந்து மீண்டும் வர இயலுமா?" என்று கேட்பார் உண்டு. கேள்வி நேர்மையானதே. ஆனால் வரும்போது கடந்த கடல் திரும்பும்போது மட்டும் அகன்றுவிடுவதில்லை. அவரால் வர இயலாதபோது இங்குள்ள நாம் இருக்கிறோம். அழைத்துச் சென்றவனுக்கும் மொழிபெயர்த்தவனுக்கும் அக்கடமையில் பங்குண்டு. ஆய்வாளர் ஆறு மாதத்தில் ஊர் திரும்புவார். நாமோ அதே தெருவில் அம்மூதாட்டியின் மக்களோடு வாழப்போகிறவர்கள்.

"பெயர் பெயர் என்கிறீரே, இக்கட்டுரையில் அவ்விருவர் பெயரும் எங்கே?" என்று வாசகர் கேட்கலாம். அதுவும் என் பிழையின் தண்டனையே. அண்ணன் பெயரை நான் இங்கே அச்சிட்டால் தங்கை இன்னார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். மறைக்கச் சொன்ன செய்தி ஒன்று உண்டு என்பதையும் இக்கட்டுரை சொல்லிவிட்டது. ஆய்வேட்டைத் தேடிப் படிப்பார் அதனைக் கண்டுகொள்வர். அன்று ஒருமுறை வாய்மூடியிருந்ததால் அகமும் புறமும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக்கொண்டன. இன்று அனுமதி கேட்க அவர் இல்லை.

செய்யக்கூடியது ஒன்றைச் செய்தேன். எங்கள் பள்ளியில் கெட்டியட்டை போட்ட பேரேடு ஒன்று வைத்திருக்கிறோம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை மாணவர்கள் தத்தம் வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் இசைந்தால் மட்டும், அதில் எழுதுகின்றனர். பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர்; வேறு ஒன்றும் இல்லை. அதன் முதல் வரியில் அந்த அண்ணனின் பெயர் இருக்கிறது. அவர் யாருடைய அண்ணன் என்று அதில் எழுதவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, வருகைப் பதிவேட்டைப் படிப்பது போல், ஆசிரியர் ஒருவர் அப்பெயர்களைச் சபையில் படிக்கிறார். மறுமொழி கூற எவரும் இல்லை. எனினும் ஒரு பெயரும் விடுபடாதவாறு நான் கவனித்துக்கொண்டு நிற்கிறேன்.